அம்மானின் தோணிக்குப் பூசிய தீந்தை

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு மாலைப்பொழுதிலே, குருமண்வெளித் துறையில் நின்று மண்டூருக்குப் போகும் பாதையை எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியூர் வாசகர்களுக்காக ஒரு வார்த்தை: வாவியைக் கடக்கும் மிதவைக்கு எங்கள் பகுதியில் 'பாதை' என்றே பெயர். நிலத்துப் பாதையிலே நாம் நகர்கிறோம். இது தானே நகரும் பாதை. சூரியன் படுவான்கரைக்கு அப்பால் இறங்கிவிட்டான். வாவி ஈயத்தின் நிறத்தைப் பெற்றுக்கொண்டிருந்தது. தூரத்தில் மிதந்த தோணிகள் யாவும் கருங்கோடுகளாக மங்கிவிட்டன. ஆயினும் ஒரேயொரு தோணியின் அணியம் மாத்திரம், அடுப்பிலிருந்து எடுத்து வைத்த தணற்கட்டி போலச் செம்மஞ்சளாய்ச் சுடர்விட்டது.

என் அருகே பள்ளிக்கூட மாணவர் இருவர் நின்றனர். ஒருவன் மற்றவனுக்கு அத்தோணியைச் சுட்டிக் காட்டி, "அது ஒளிருற தீந்தை. நடுச்சாம இருட்டிலயும் தானா எரியும்" என்றான்.

எனக்குத் திடுக்கிட்டது. அதே வார்த்தைகளை, அதே வாவிக்கரையில் நின்று, 1979ஆம் ஆண்டிலே நானும் சொல்லியிருக்கிறேன். சொன்னவன் நான், அதற்கு விலை கொடுத்தவர் என் அம்மான்.

அம்மான் என் தாயாரின் தம்பி. எனக்குப் பத்து வயதாயிருக்கும்போது என் தந்தையார் காலமானார். அதற்குப் பின் எங்கள் வீட்டு அடுப்பு எரிந்தது அம்மானுடைய வீச்சுவலையினால். வாவி இறாலும் செல்வனும் விற்ற காசிலேதான் நான் எழுத்துப் படித்தேன், பரீட்சை எழுதினேன், விஞ்ஞான ஆசிரியனாக உத்தியோகம் பெற்றேன். அவருக்கோ தம் பெயரை எழுதுவதற்கு மேல் எழுத்து வராது. என்றாலும், "வாத்தியார் சொன்னா அது சரியாத்தான் இருக்கும்" என்று ஊராரிடம் என்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்லுவார். அந்த நம்பிக்கைதான் பின்னால் வினையாயிற்று.

1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் திகதி இரவு அடித்த சூறாவளியை மட்டக்களப்பார் எவரும் மறந்திருக்கமாட்டார்கள். தென்னைகள் தலையிழந்தன, ஓடுகள் காகிதம் போலப் பறந்தன. கரையில் கட்டிக் கிடந்த அம்மானின் பழைய தோணி எங்கே போயிற்றென்றே தெரியவில்லை. மூன்று நாட்களின் பின்னர் அதன் ஒரு பலகையைக் கண்ணாக் காட்டினுள் கண்டெடுத்தோம். கடன்பட்டும், என் சம்பளத்தில் ஒரு பங்கைச் சேர்த்தும், மறு பங்குனியிலே புதுத் தோணி ஒன்று செய்வித்தார். அதற்குத் தீந்தை பூசும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன்.

மட்டக்களப்பு நகரிலே ஒரு கடையில் முதன்முதலாக அந்தத் தகரத்தைக் கண்டேன். மூடியைத் திறந்து காட்டினார் கடைக்காரர். அப்படியொரு செம்மஞ்சள் நிறத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கடையின் நிழலிலும் கண்ணைக் குத்தியது. "ஒளிரும் தீந்தை, மாஸ்டர்" என்றார். அந்த 'ஒளிரும்' என்ற ஒரு சொல் என்னைப் பிடித்துக்கொண்டது. காரணம் இதுதான்: எங்கள் வீட்டில் தந்தையார் வைத்திருந்த பழைய எழுப்புமணிக் கடிகாரம் ஒன்று இருந்தது. நள்ளிரவிலே கண்விழித்தால் அதன் முள்ளும் இலக்கங்களும் பச்சை மினுக்கமாகத் தெரியும். சிறு பிள்ளையிலிருந்து அதைப் பார்த்து வளர்ந்த எனக்கு, ஒளிரும் தீந்தை என்றால் இருளில் ஒளிர்வது என்பதில் ஐயமே எழவில்லை. விஞ்ஞானம் படித்தவன் ஒரு கணம் நின்று, இந்த ஒளி எங்கிருந்து வருகிறது என்று கேட்டிருக்கவேண்டும். கேட்கவில்லை. தகரத்தை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

சித்திரை மாதத்திலே, வெள்ளைப் பூச்சின்மேல் இரண்டு தரம் அந்தத் தீந்தையை அணியத்திலும் பின்புறத்திலும் பூசினேன். அன்று மாலை தோணியை நீரில் விட்டு, கரையில் நின்று பார்த்தோம். பொழுது சாயச் சாய மற்ற நிறங்கள் எல்லாம் அவிந்தன. எங்கள் தோணி மாத்திரம் மேலும் மேலும் பிரகாசித்தது போலிருந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். அம்மானும் வாய்விட்டுச் சிரித்தார். முழு இருட்டாகும்வரை அங்கே நின்றிருந்தால் எல்லாம் விளங்கியிருக்கும். ஆனால் சோறு ஆறுகிறது என்று அம்மா கூப்பிட்டார். எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டோம்.

போகும் வழியில்தான் நான் அதைச் சொன்னேன். "இனி உங்களுக்கு அரிக்கன் லாம்பு எதற்கு, அம்மான்? இருட்டிலே தோணி தானாகவே தெரியும்."

அவருக்கு அது வாய்ப்பாகத்தான் இருந்தது. லாம்பு காற்றுக்கு அணையும், சிமினி உடையும், மண்ணெண்ணெய்க்குக் காசு வேண்டும், அதன் வெளிச்சம் கண்ணிலே பட்டால் நீரின் அசைவும் தெரியாது. இரண்டு மாதங்கள் லாம்பில்லாமல் வலை வீசினார். ஒன்றும் நடக்கவில்லை. ஆனி மாத அமாவாசைக்கு அடுத்த இரவு, எழுவான்கரைப் பக்கமிருந்து இயந்திரம் பூட்டிய வள்ளம் ஒன்று வேகமாக வந்து தோணியின் நடுவிலே மோதியது. வள்ளத்தின் விளிம்புக்கும் தோணியின் விளிம்புக்கும் இடையில் அம்மானின் வலக்கை அகப்பட்டது. வள்ளக்காரன் நல்ல மனிதன். அவனே அவரைத் தூக்கி அக்கரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். "அண்ணே, சத்தியமாக ஒன்றும் தெரியவில்லை, தண்ணியும் கறுப்பு, தோணியும் கறுப்பு" என்று அழுதானாம். கை பிழைத்தது. ஆனால் இரண்டு விரல்கள் அதற்குப் பின் மடங்கவேயில்லை. வீச்சுவலையை விரித்து எறிகிறவனுக்கு விரல் மடங்காவிட்டால் என்ன கதி என்பதை வாவிக்கரையில் வாழ்கின்றவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று, மிச்சமிருந்த தீந்தையை ஒரு பலகைத் துண்டிலே பூசிக் காயவைத்து, அறைக்குள் கொண்டுபோய்க் கதவையும் யன்னலையும் அடைத்தேன். இருட்டு. கையில் பலகை இருக்கிறது. கண்ணுக்கு ஒன்றும் இல்லை. அரைமணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அதன் பின்புதான் புத்தகம் தேடிப் புறப்பட்டேன். கற்பித்தவன் கற்கத் தொடங்கியது அப்போதுதான் என்று சொல்லலாம்.

பொருள்கள் ஒளிவிடுவதிலே பல வகை உண்டு. அவற்றையெல்லாம் நாம் 'ஒளிரும்' என்ற ஒரே சொல்லில் போட்டுக் கட்டிவிடுகிறோம். எங்கள் வீட்டுக் கடிகாரம் ஒரு வகை. அதன் முள்ளில் பூசியிருந்தது ரேடியம் சேர்ந்த தீந்தை. ரேடியத்தை மேரி கியூரியும் அவர் கணவர் பியேரும் 1898இல் கண்டறிந்தார்கள். அதன் கதிர்கள் இரவும் பகலும் ஓயாமல் பக்கத்திலுள்ள நாகசல்பைட்டுத் துகளைத் தாக்கி ஒளிவிடச் செய்கின்றன. சூரியன் வேண்டாம், விளக்கு வேண்டாம். ஆனால் அந்த ஒளிக்குக் கொடுத்த விலை பெரிது. அமெரிக்காவில் நியூ ஜேர்சி மாநிலத்து ஒறேஞ்ச் நகரிலே, கடிகார முகங்களுக்குத் தீந்தை பூசும் வேலைக்குச் சென்ற இளம் பெண்கள், தூரிகை நுனியைக் கூராக்குவதற்காக உதட்டில் வைத்து எடுத்தார்கள். 1920களில் அவர்களிற் பலர் தாடை எலும்பு அரித்து மாண்டார்கள். அந்தத் தீந்தை பின்னர் வழக்கொழிந்தது.

இரண்டாவது வகை, பகலொளியைச் சேமித்து வைத்து இருளில் மெல்ல மெல்ல வெளிவிடுவது. இதனை நின்றொளிர்தல் என்பர். பிள்ளைகள் அறைச் சுவரிலே ஒட்டும் பச்சை நட்சத்திரங்கள் இந்த இனம். முன்னாளில் இதற்கு நாகசல்பைட்டு உதவியது. 1990களிலே யப்பானியர் உருவாக்கிய துரோந்தியம் அலுமினேற்று வந்தபின் இரவு முழுவதும் நிற்கும் ஒளி கிடைத்தது.

நான் வாங்கியதோ மூன்றாவது வகை. இதற்கு உடனொளிர்தல் என்று பெயர். சூரிய ஒளியிலே நம் கண்ணுக்குத் தெரியாத ஊதாக்கடந்த கதிர்கள் உள்ளன. அவற்றையும், தெரியும் ஒளியிலே ஊதா, நீலம், பச்சைப் பகுதிகளையும் இந்தத் தீந்தையிலுள்ள சாயம் விழுங்குகிறது. விழுங்கிய சக்தியைச் செம்மஞ்சள் ஒளியாக மாற்றி உமிழ்கிறது. சாதாரணச் செம்மஞ்சள் தீந்தை என்ன செய்கிறது? தன்மீது விழும் ஒளியிலுள்ள செம்மஞ்சளை மாத்திரம் திருப்பி அனுப்புகிறது, மற்றவற்றை வீணாக்குகிறது. இதுவோ, திருப்பி அனுப்ப வேண்டியதையும் அனுப்பி, மற்ற நிறங்களையும் செம்மஞ்சளாக்கிச் சேர்த்து அனுப்புகிறது. ஆகவேதான், அந்த நிறத்திலே விழுந்த ஒளியைக் காட்டிலும் கூடுதலான ஒளி அதிலிருந்து புறப்படுகிறது, கண் கூசுகிறது.

விழுங்கிய சக்தி முழுவதும் ஒளியாகத் திரும்புவதில்லை. ஒரு மரைக்கால் நெல்லைக் குற்றினால் ஒரு மரைக்கால் அரிசியா வரும்? உமியும் தவிடும் போக மிச்சந்தானே. அப்படியே இங்கும் ஒரு பங்கு வெப்பமாகக் கழிந்துவிட, சக்தி குறைந்த நிறமே வெளிவருகிறது. நீலத்தைக் கொடுத்துச் செம்மஞ்சளை வாங்கலாம். செம்மஞ்சளைக் கொடுத்து நீலத்தை வாங்க இயலாது. இந்த விதியை 1852இல் வகுத்துக் காட்டியவர் கேம்பிறிட்ச் பேராசிரியர் ஜோர்ஜ் காபிரியேல் ஸ்ரோக்ஸ். அவர் சோதனைக்கு எடுத்துக்கொண்ட பொருள்களில் ஒன்று எங்கள் தாய்மார் நன்கறிந்தது: கொயினா. 1934-35இலே இலங்கையில் மலேரியாக் காய்ச்சல் கொள்ளைகொண்டு போனபோது வீடுதோறும் குடிக்கக் கொடுத்த அதே கசப்பு மருந்துதான். அதைக் கரைத்த நீர் கண்ணாடியில் நிறமில்லாதது போலிருக்கும். வெயிலிலே பிடித்தால் மேற்பரப்பில் வான்நீலம் படரும். வேங்கை மரத்து வைரக் கட்டையைச் சீவி நீரில் ஊறவைத்தாலும் அப்படியொரு நீலச் சாயலைக் காணலாம். நீரிழிவுக்காக வேங்கைக் குவளையிலே தண்ணீர் வைத்துக் குடிப்பவர்கள், ஒரு நாள் அதைக் கண்ணாடிப் பாத்திரத்தில் ஊற்றி, பின்னால் கறுப்புத் துணி பிடித்து, வெயிலில் பார்க்கட்டும். மாணவர்களுக்குச் செலவில்லாத பரிசோதனை.

இந்த வாங்கலும் விற்றலும் நடந்து முடிய ஒரு செக்கனைப் பத்துக் கோடியாகப் பிரித்தால் வரும் ஒரு துளி நேரமே போதும். சேமிப்பு என்பது அறவே இல்லை. வருவாய் நின்றால் அக்கணமே செலவும் நின்றுவிடும். சூரியன் போய், வானத்தின் கடைசி வெளிச்சமும் போனபின் என் அம்மானின் தோணி வெறுங்கறுப்பாக நின்றது இதனாலேதான்.

அப்படியானால் அன்று மாலை அது மேலும் மேலும் பிரகாசித்தது எங்ஙனம்? என்னை ஏமாற்றியதே அந்தக் காட்சிதான். சூரியன் அடிவானத்தின்கீழ் இறங்கிய பின்னர் நமக்கு வெளிச்சம் தருவது நேர்க்கதிர் அன்று, தலைக்குமேலுள்ள வானமே. அந்த வெளிச்சத்தில் நீலம் மிகுதி, சிவப்புக் குறைவு. ஆதலால் சாதாரணச் சிவப்பும் செம்மஞ்சளும் விரைவில் கறுத்துப் போகின்றன. உடனொளிரும் தீந்தைக்கோ நீலந்தான் தீனி. மற்றவை அவியும்போது அது நிற்கிறது, ஒப்பீட்டினால் சுடர்கிறது. விடியற்காலையிலும், மழை மூடிய பகலிலும், மூடுபனியிலும் அது தெளிவாகத் தெரிவதும் இதனாலேயே. கடலில் விழுந்தவனைத் தேட வருகின்றவர்களுக்கும், தெருவில் வேலை செய்கிறவனைக் கண்டு வாகனத்தை ஒதுக்குகின்றவர்களுக்கும் இந்த நிறம் உயிர் காக்கும் நிறம். அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். பிழை தீந்தையில் இல்லை.

இந்தத் தீந்தை பிறந்த கதை சுவையானது. 1933இலே அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பொப் சுவிற்சர் என்ற இளைஞர் வேலைத்தலத்தில் விழுந்து தலையில் அடிபட்டார். கண் பார்வை தெளியும்வரை இருட்டறையில் இருக்கவேண்டும் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். அவர் தம்பி ஜோ மாயவித்தையில் ஈடுபாடுடையவர். அவர்களின் தந்தையார் பேர்க்கிலி நகரிலே மருந்துக்கடை வைத்திருந்தார். சகோதரர் இருவரும் ஊதாக்கடந்த விளக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு இருளில் அந்தக் கடையின் போத்தல்களிடையே தேடினார்கள். சில போத்தல்கள் ஒளிர்ந்தன. அந்தப் பொருள்களை அரக்கு மெருகெண்ணெயிலே கலந்து, மாயவித்தை மேடைக்கென முதல் தீந்தையைச் செய்தார்கள். விளக்கின் கீழ் மாத்திரம் ஒளிரும் தீந்தை அது. பின்னர் பகல் வெளிச்சத்திலேயே சுடரும் வகையைக் கண்டார்கள். இரண்டாம் உலக யுத்தத்தில் வட ஆபிரிக்காவிலே தரைப்படையினர், தம் விமானங்கள் தம்மையே தாக்காதிருக்க, இந்தச் சாயம் ஏற்றிய துணிகளை மணலில் விரித்து வைத்தனர். விமானந்தாங்கிக் கப்பல்களின் தளத்திலும் அது பயன்பட்டது. யுத்தத்திற்குப் பின் கிளீவ்லாந்து நகரிலே அவர்கள் நிறுவிய கம்பனியின் சரக்கு 'டே-குளோ' என்ற பெயரில் உலகெங்கும் பரவியது. பெயரைக் கவனியுங்கள்: 'பகல்' என்ற சொல் பெயரிலேயே இருக்கிறது! நான் வாங்கிய தகரம் வேறொரு செய்கை. அதில் பகல் என்ற சொல் இருந்திருந்தால் என்று பலமுறை எண்ணியதுண்டு. ஆனால் அது சாட்டுச் சொல்வதாகும்.

செய்முறையையும் சொல்லிவிடுகிறேன், கேட்ட மாணவர் பலர். சாதாரணத் தீந்தையிலே நிறம் தருவது காவி, ஈயம், கரி போன்ற ஏதோவொரு தூள். உடனொளிரும் சாயத்தை அப்படித் தூளாக அரைத்துக் கலந்தால் ஒளிராது. ஏனெனில் சாயத்தின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று நெருங்கி மொய்த்துக்கொண்டால், பெற்ற சக்தியைத் தமக்குள்ளேயே வெப்பமாகத் தொலைத்துவிடும். சந்தையிலே எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினால் ஒருவர் பேச்சும் கேட்காதல்லவா? ஆகவே அவற்றைத் தனித்தனியே பிரித்து வைக்கவேண்டும். இதற்காக மெலமைனும் போமல்டிகைட்டும் வேறு சில பொருள்களும் சேர்ந்த பிசின் ஒன்றைச் சூடாக்கி இளக்கி, அதனுள்ளே சிறிதளவு சாயத்தைக் கரைக்கிறார்கள். இளஞ்சிவப்புக்கும் செம்மஞ்சளுக்கும் றோடமின் என்னும் சாயங்கள்; மஞ்சளுக்கு வேறு. பின் அது ஆறி, கண்ணாடிபோல் நொறுங்கும் கட்டியாகிறது. எங்களூரில் கூப்பனி காய்ச்சிக் கட்டியாக்குவதை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கட்டியை அரைத்து, ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்திற் சில பங்களவான நுண்ணிய தூளாக்கி, தீந்தை எண்ணெயிலே கலந்தால் சரக்கு ஆயத்தம். ஒவ்வொரு துகளும் சாயம் கரைந்த சின்னஞ்சிறு கண்ணாடி மணி எனலாம். ஒளியை ஊடுருவ விடும் தூளாகையால் கீழேயுள்ளதை இது மறைக்காது. எனவேதான் முதலில் வெள்ளை பூசவேண்டியிருக்கிறது. வெள்ளை, உள்ளே போன ஒளியைத் திருப்பி அனுப்பி இன்னொரு முறை வேலை வாங்குகிறது.

இடையிலே தாய்மாருக்கு ஓர் எச்சரிக்கை. இந்த றோடமின் கண்ணைக் கவரும் சாயம் என்பதால் இனிப்புப் பண்டங்களில் கலக்கும் தீய வழக்கம் உண்டு. 2024 பெப்ரவரியிலே தமிழ்நாட்டு அரசாங்கம் பஞ்சுமிட்டாய் விற்பனையைத் தடைசெய்தது இந்தச் சாயம் அதில் அகப்பட்டதனாலேதான். திருவிழாக் கடைகளில் பிள்ளைகள் கை நீட்டும்போது நிறத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு குறையும் இத்தீந்தைக்கு உண்டு. எந்த ஊதாக்கடந்த கதிரைத் தின்று ஒளிர்கிறதோ, அதே கதிர் நாளடைவில் சாயத்தின் மூலக்கூறுகளை உடைத்துவிடுகிறது. மேலே காப்பு மெருகு பூசினால் சிறிது காலம் கூடுதலாக நிற்கும்; அவ்வளவே. வாவியிலே வெயில் மேலிருந்தும் அடிக்கிறது, நீரிலே தெறித்துக் கீழிருந்தும் அடிக்கிறது. சித்திரையில் நான் பூசியது ஆவணியிலே மண்டூர் முருகன் திருவிழாவுக்குக் கொடியேறுகின்ற காலத்தில் வெளிறிப் பழைய சீலையின் நிறத்துக்கு வந்துவிட்டது. கையில் கட்டோடு அம்மான் அந்தத் தோணியில் சாய்ந்துகொண்டு, தீர்த்தத்துக்கு வந்திறங்கும் சனங்களைப் பார்த்தவாறு இருந்தார். நான் அருகே போய் உட்கார்ந்தேன். படித்ததையெல்லாம் சொன்னேன். சொல்ல வந்தது மன்னிப்பு. வாயில் வந்தது விஞ்ஞானம்.

அவர் பொறுமையாகக் கேட்டார். பின்பு, "அப்ப அது மின்மினி இல்ல, முதலைக்கண்ணு" என்றார்.

எனக்கு வியப்பாயிருந்தது. எங்கள் வாவியில் முதலை உண்டு. இரவிலே சூள் பிடித்தாலோ டோர்ச் அடித்தாலோ அதன் கண்கள் தணல் போல் தெரியும். வெளிச்சத்தை அணைத்தால் கண்ணும் இல்லை. கண்ணின் உட்புறத்திலுள்ள ஒரு படலம், வந்த ஒளியை வந்த வழியே திருப்பி விடுகிறது. மோட்டார் வாகன இலக்கத் தகட்டிலும் தெருப் பலகைகளிலும் உள்ள மினுக்கம் இந்த வகையே. மின்மினியோ தன் வயிற்றிலே தானே விளக்கு வைத்திருக்கிறது. நான் புத்தகங்களிலே மாதக்கணக்காகத் தேடிய வேறுபாட்டை அவர் கண்ணாக் காட்டோரத்திலே எப்போதோ கண்டிருக்கிறார். கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். நான் கேட்கவில்லை, அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

"முதலைக்கண்ணும் இல்லை, அம்மான்" என்றேன். "லாம்பின் மஞ்சள் வெளிச்சத்திலே நீலம் குறைவு. நெருங்கி வந்தால் ஒழிய, லாம்பு வெளிச்சத்துக்கும் அது அவ்வளவாக எடுபடாது."

"மறுகா என்னத்துக்கு மனே அதைப் பூசின?" என்று கேட்டுச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. சிறிது நேரம் கழித்து, "அந்திக்கு நல்ல வடிவாத்தான் இருந்திச்சு" என்றார், வாவியைப் பார்த்தபடியே.

அதன் பின்னர் அவர் வலை வீசவில்லை. கையால் முடியவில்லை. அத்தாங்கு பிடித்தார், சிறிது வயல் வேலை செய்தார், தோணியை வாடகைக்கு விட்டார். வாடகைக்குக் கொண்டுபோகிறவனிடம் லாம்பைக் காட்டச் சொல்லி, எண்ணெய் இருக்கிறதா என்று அசைத்துப் பார்த்த பின்னரே கயிற்றை அவிழ்ப்பார். பிற்காலத்தில் வந்த யுத்த நாட்களிலே இரவில் வாவியில் இறங்குவதே அரிதாகிவிட்டது. அம்மான் இப்போது இல்லை.

குருமண்வெளித் துறையிலே அந்த மாணவனைக் கண்டபோது இவ்வளவும் என் நினைவில் ஓடின. பாதை வந்து சேர, நாங்கள் ஏறிக்கொண்டோம். "தம்பி, அந்தத் தோணியையே பார்த்துக்கொண்டு வாரும்" என்று அவனிடம் சொன்னேன். ஏன் என்று கேட்காமல் அவனும் தோழனும் விளிம்பில் நின்று பார்த்தார்கள். நடு வாவிக்கு வருமுன்னரே செம்மஞ்சள் மண்ணிறமாயிற்று, பிறகு சாம்பலாயிற்று. மண்டூர்க் கரையின் தில்லை மரங்கள் ஒரே இருட்டாகத் திரண்டு நின்றன. "காணல்ல சேர்" என்றான் பையன். என்னை வாத்தியார் என்று எப்படிக் கண்டுகொண்டானோ தெரியவில்லை.

எங்கே இருக்கும் என்று அவன் இருளைத் துழாவிக்கொண்டிருக்கையில், நாங்கள் எதிர்பார்த்த இடத்துக்குச் சற்று இடப்புறமாக, நீர்மட்டத்தோடு ஒரு சிறு விளக்கை யாரோ ஏற்றினார்கள். பாதை ஓட்டியவர் அதைக் கண்டு மெல்ல வலப்புறம் விலக்கினார்.